ரோஸ் பவுலில் யூசிஎல்ஏ அணிக்குக் கூட்டம் சேராதது ஏன்?

வெஸ்ட்வுட்வாசி:

அன்பர்களுக்கு வணக்கம். நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். 2022 செப்டம்பர் 3ஆம் தேதி, ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். பசடேனாவில் உள்ள ரோஸ் பவுல் அரங்கம் 1922இல் திறக்கப்பட்டது. 1994 உலகக் கோப்பைக் கால்பந்தில் பிரேசிலும் இத்தாலியும் மோதிய இறுதி ஆட்டமும் அங்கேதான் நடந்தது. குறுகலான சுரங்க வழியில் நடந்து வெளிச்சத்துக்கு வந்ததும், கீழே பச்சைத் தரையும் தொலைவில் சான் கேப்ரியல் மலையும் ஒருசேரக் கண்ணில் படும். அப்பா அந்த இடத்திலேயே நின்று சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு, "இன்னும் எல்லாக் கதவையும் திறக்கவில்லையா?" என்று கேட்டார். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடமே இருந்தது.

அன்று அறிவிக்கப்பட்ட வருகை 27,143. யூசிஎல்ஏ 1982இல் இந்த அரங்கத்துக்குக் குடியேறியதிலிருந்து அதுவரை நடந்த சொந்த ஆட்டங்களில் மிகக் குறைந்த கூட்டம் அதுதான். ஏறத்தாழ 89,000 பேர் உட்காரக்கூடிய இடத்தில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள். சரியாகப் பதினொரு வாரம் கழித்து, நவம்பர் 19ஆம் தேதி, அதே நகரத்துப் பரம எதிரியான யூஎஸ்சி பல்கலைக்கழக அணியுடனான ஆட்டத்துக்கு 70,865 பேர் வந்தார்கள். அணியும் பயிற்சியாளரும் அரங்கமும் மாறவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூசிஎல்ஏயின் வெஸ்ட்வுட் வளாகத்திலிருந்து ரோஸ் பவுல் 26 மைல் தூரத்தில் இருக்கிறது. சொந்த ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் மாணவர்களே வெளியூர் போவது போலப் போக வேண்டியிருப்பதுதான் அடிப்படைக் காரணம் என்று நினைக்கிறேன். மற்றக் காரணங்களெல்லாம் அதன்மேல் வந்து ஏறிக்கொள்பவை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அவசியம் எழுதுங்கள்.

பசடேனா முருகு:

நான் அரங்கத்திலிருந்து இரண்டு மைல் தூரத்தில் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். தூரம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1982இலும் இதே தூரம்தான் இருந்தது. அணி இங்கே வந்த முதல் பருவத்திலேயே தன் பிரிவின், அதாவது தான் ஆடும் கல்லூரி லீக்கின், பட்டத்தை வென்று, 1983 ஜனவரி முதல் தேதி, இதே அரங்கத்தில் புத்தாண்டையொட்டி நடக்கும் ரோஸ் பவுல் ஆட்டத்தில் மிச்சிகனைத் தோற்கடித்தது. 1984இலும் 1986இலும் அதே புத்தாண்டு ஆட்டத்தில் மறுபடியும் வென்றது. 1991 முதல் 1998 வரை யூஎஸ்சியைத் தொடர்ந்து எட்டு முறை தோற்கடித்தது. அந்தக் காலத்தில் இந்த அணி நகரத்தின் பேச்சாக இருந்தது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். கடைசியாகத் தன் பிரிவின் பட்டத்தை வென்றது 1998இல். கடைசியாகப் புத்தாண்டு ஆட்டத்தில் ஆடியது 1999 ஜனவரியில், அதிலும் விஸ்கான்சினிடம் 38-31 என்று தோற்றது. அன்று பிறந்த பிள்ளை இன்று கல்லூரியை முடித்து வேலைக்குப் போய்விட்டது. அந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் இந்த அணி ஒரு பட்டம் வென்று பார்த்ததில்லை. வெல்லட்டும், கூட்டம் தானாக வரும். 2021இல் ஹவாய் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 32,982 பேர். மறுவாரம் லூசியானாவின் எல்எஸ்யூ பல்கலைக்கழக அணி வந்தபோது 68,123 பேர்.

கணக்குப்பிள்ளை:

முருகு அண்ணா, எல்எஸ்யூ எடுத்துக்காட்டு உங்கள் வாதத்துக்கு உதவாது. அந்த வாரத்தில் லூசியானாவிலிருந்து ஊதா நிறச் சட்டையில் வந்தவர்கள் எத்தனை பேர் என்பது அரங்கில் இருந்த எவருக்கும் தெரியும். ஹவாயை வென்றதால் ஒரே வாரத்தில் முப்பத்தையாயிரம் பேருக்குப் புதிதாகப் பற்று வந்துவிட்டது என்று கொள்ள முடியாது. எதிரணி யார் என்பதுதான் அங்கே வேலை செய்தது. அந்த ஆட்டத்தை யூசிஎல்ஏ 38-27 என்று வென்றதையும் நினைவில் வையுங்கள். அந்த வெற்றி அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் வெஸ்ட்வுட்வாசியின் அப்பா பார்த்த வெறுமையைத் தடுக்கவில்லை.

இந்த அணியின் வருகைக் கணக்கைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூஎஸ்சி அணி இரட்டைப்படை ஆண்டுகளில்தான் ரோஸ் பவுலுக்கு வரும். ஆகவே ஓராண்டின் சராசரியை முந்தைய ஆண்டின் சராசரியோடு நேராக ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவோம். சராசரி வருகையில் சாதனை ஆண்டான 2014ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டத்துக்கு 76,650 பேர். அந்த ஆண்டில் யூஎஸ்சி, ஓரிகன், ஸ்டான்ஃபோர்ட் ஆகிய மூன்று அணிகளும் பசடேனாவுக்கு வந்தன. அணியும் அந்தப் பருவத்தைப் பத்து வெற்றிகளோடு முடித்தது. வெற்றியும் நல்ல எதிரணியும் சேர்ந்தால் இந்த நகரம் வரும் என்பதை மறுக்கவில்லை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அரங்கம் பாதியாகிவிடுகிறது என்பதுதான் என் கவலை.

வெற்றி மட்டும் போதுமென்றால் 2022 அக்டோபர் 8ஆம் தேதிக்கு என்ன விளக்கம்? யூசிஎல்ஏ ஐந்து ஆட்டங்களிலும் தோல்வியே காணாமல் இருந்தது. எதிரே முந்தைய ஆண்டின் பிரிவுப் பட்டத்தை வென்ற யூட்டா. கல்லூரியும் திறந்துவிட்டது. அப்படியும் வந்தவர்கள் நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டினார்கள், அவ்வளவுதான். ஆட்டத்தை 42-32 என்று வென்றோம்.

இன்னொன்று. நாம் இங்கே எடுத்தாளும் எண்களெல்லாம் அறிவிக்கப்பட்ட எண்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலும் விற்ற, இலவசமாகக் கொடுத்த டிக்கெட்டுகளைச் சேர்த்துத்தான் வருகை என்று அறிவிப்பார்கள். வாசலில் ஸ்கேன் ஆனவை அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே உண்மை நிலை நாம் பேசுவதைவிட ஒரு படி மோசம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

முன்னாள் மாணவி:

நான் 2014இல் முதலாண்டு சேர்ந்தவள். கணக்குப்பிள்ளை சொன்ன அந்தச் சாதனை ஆண்டிலேயே மாணவியாக இருந்ததால், மாணவர் பக்கத்திலிருந்து இது எப்படி இருக்கும் என்பதை எழுதலாம் என்று தோன்றியது.

யூசிஎல்ஏ ஆண்டை மூன்று காலாண்டுப் பருவங்களாகப் பிரித்து நடத்துகிறது. வகுப்புகள் தொடங்குவது செப்டம்பர் கடைசியில். கால்பந்துப் பருவமோ ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் முதல் வாரத்திலோ தொடங்கிவிடும். மிச்சிகன் போன்ற கல்லூரிகளில் ஆகஸ்ட் கடைசியிலேயே விடுதி நிறைந்துவிடும். முதல் சொந்த ஆட்டம், முதல் வாரத்து நட்பு, பல்கலைக்கழகப் பாட்டைக் கற்றுக்கொள்வது எல்லாம் ஒன்றாக நடக்கும். எங்களுக்கு அப்படி இல்லை. அந்த ஆண்டு மெம்பிஸ் அணியுடனான முதல் சொந்த ஆட்டம் நடந்தபோது நான் ஃப்ரெஸ்னோவில் அம்மாவோடு போர்வையும் பாத்திரமும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். நான் பார்த்த முதல் ஆட்டம் அக்டோபர் 4ஆம் தேதி யூட்டாவுடன் நடந்தது. இரண்டு புள்ளியில் தோற்றோம்.

போய்வருவதைச் சொல்கிறேன். வளாகத்தில் பேருந்துக்கு வரிசை கட்ட வேண்டும். 405, பிறகு 10, நகரின் நடுவே 110 என்று நெடுஞ்சாலை மாறி மாறிப் போகும்; சனிக்கிழமைக்கு ஒரு மணி நேரம் சாதாரணம், நெரிசல் என்றால் இன்னும் கூடும். இரவு 7.30 மணி ஆட்டம் முடியப் பதினொன்றைத் தாண்டும். விடுதி அறைக் கதவைத் திறக்கும்போது மணி ஒன்று. ஒரு கல்லூரி மாணவரின் சனிக்கிழமையில் எட்டு மணி நேரம் போய்விடும். திங்கட்கிழமை தேர்வு உள்ளவர் வரமாட்டார். பத்து வாரத்தில் ஒரு பாடம் முடிகிற அந்த ஏற்பாட்டில், நான்காம் வாரத்திலிருந்தே யாராவது ஒருவருக்குத் திங்கட்கிழமை தேர்வு இருந்துகொண்டே இருக்கும்.

ஆட்டம் பிடிக்காமல் யாரும் ஒதுங்கவில்லை. என் அறைத்தோழிகள் இருவரும் கூடைப்பந்துக்கு ஓர் ஆட்டம் விடாமல் வந்தார்கள், ஏனென்றால் கூடைப்பந்து அரங்கமான பாலி பெவிலியன் எங்கள் விடுதியிலிருந்து பத்து நிமிட நடை. கால்பந்துக்கு யூஎஸ்சி ஆட்டத்துக்கு மட்டும் வந்தார்கள். படிப்பு முடிந்த பிறகும் அவர்கள் இருவரும் அப்படியே இருக்கிறார்கள். ஒருத்தி இன்றும் கூடைப்பந்துப் பருவ டிக்கெட் வாங்குகிறாள். பதினெட்டு வயதில் காலுக்குப் பழகாத வழி முப்பது வயதில் பழகுவதில்லை.

சியாட்டில் செல்வி:

மாணவி சொன்ன கல்லூரி நாட்காட்டி பற்றி ஒரு திருத்தம் வேண்டும் என்று நினைக்கிறேன். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகமும் அதே காலாண்டு முறையில்தான் நடக்கிறது. இங்கும் வகுப்புகள் செப்டம்பர் கடைசியில்தான் தொடங்குகின்றன. தொழில்முறை அணியான சீஹாக்ஸும் இதே நகரத்தில் இருக்கிறது. ஆனாலும் பல்கலைக்கழகத்தின் ஹஸ்கி அரங்கத்தின் 70,000 இருக்கைகளில் செப்டம்பரிலேயே பெரும்பகுதி நிறைகிறது. ஓரிகனும் காலாண்டு முறைதான். யூஜீனில் வில்லமெட் ஆற்றுக்கு மேலே உள்ள நடைபாலத்தைக் கடந்தால் 54,000 பேர் கொள்ளும் ஆட்சன் அரங்கம் வந்துவிடும்.

நாட்காட்டி ஒன்றாக இருந்தும் விளைவு வேறாக இருக்கிறது. ஹஸ்கி அரங்கம் வளாகத்தின் ஓரத்தில், ஏரிக் கரையில் இருக்கிறது. அங்கே படகில் வந்து கரையோரம் கட்டிவிட்டு, படகிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஆட்டத்துக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. 2016 மார்ச்சில் அரங்கத்தை ஒட்டியே ரயில் நிலையம் திறந்தார்கள். என் கணவர் அங்கே படித்தவர். அக்டோபர் மழையிலும் பிள்ளைகளுக்கு உறை மாட்டி அழைத்துப் போகிறார். அவரிடம் ஏன் என்று கேட்டால் பதில் வராது, எப்போதும் போவதுதானே என்பார். வெஸ்ட்வுட்வாசி சொல்லும் தூரம்தான் முதன்மைக் காரணம் என்பதற்கு இது வலுவான சான்று என்று கருதுகிறேன். நாட்காட்டி செப்டம்பர் ஆட்டங்களைக் கெடுக்கிறது. அக்டோபரையும் நவம்பரையும் கெடுப்பது தூரம்.

பாலோ ஆல்டோ குமரன்:

செல்வி அக்காவின் வாதம் நன்றாக இருக்கிறது, ஆனால் நான் பார்க்கும் ஸ்டான்ஃபோர்ட் அதற்குக் குறுக்கே நிற்கிறது. இங்கும் காலாண்டு முறை, அரங்கமும் வளாகத்துக்குள்ளேயே. 2006இல் பழைய 85,000 இருக்கை அரங்கத்தை இடித்து, 50,000 பேருக்குக் கச்சிதமாகக் கட்டினார்கள். 2012, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் பிரிவுப் பட்டம் வென்றபோது அதில் கூட்டமும் இருந்தது. 2021 முதல் 2023 வரை மூன்று பருவமும் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி என்று முடிந்தபோது, பக்கத்தில் இருந்தும் யாரும் வரவில்லை. பக்கத்தில் இருந்தால் போதும் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்டின் இளங்கலை மாணவர்கள் எட்டாயிரத்துக்கும் குறைவு. யூசிஎல்ஏயில் முப்பதாயிரத்துக்கு மேல். மாணவர்களில் மூன்றில் ஒருவர் நடந்து வந்தாலே அங்கே பத்தாயிரம் குரல் கிடைக்கும். எங்களுக்கு இல்லாத செல்வம் அவர்களுக்கு இருக்கிறது. அதை 26 மைல் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வெஸ்ட்வுட்வாசி:

குமரன் சொன்னதை ஏற்கிறேன். முருகு ஐயா கேட்ட 1982 கேள்விக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதற்கு முன்பும் இந்த அணிக்குச் சொந்த வீடு இருந்ததில்லை. 1928 முதல் 1981 வரை லாஸ் ஏஞ்சலஸ் நினைவுக் கொலிசியத்தில்தான் ஆடியது. அது யூஎஸ்சி வளாகத்துக்கு எதிரே இருக்கிறது. பரம எதிரியின் வாசலில் ஐம்பது ஆண்டுக்கு மேல் குடியிருந்தவர்களுக்கு, பசடேனா ஒரு விடுதலையாகவே இருந்திருக்கும். புது இடம், வெற்றி மேல் வெற்றி, அன்றைய சாலை நெரிசலும் இன்றைய அளவுக்கு இல்லை. 26 மைல் என்பது மாறவில்லை, ஆனால் அந்த 26 மைலைக் கடக்கும் நேரம் மாறிவிட்டது. நான் வந்த ஆண்டில் சனிக்கிழமை நண்பகலில் 110இல் தடையில்லாமல் போன நினைவு இருக்கிறது. இப்போது டவுன்டவுனைத் தாண்டுவதற்குள் அப்பா ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுகிறார்.

வளாகத்திலேயே கட்டும் யோசனை 1960களில் இருந்தது. சுற்றுவட்டாரக் குடியிருப்பினர் எதிர்த்தார்கள். இறுதியில் ஓட்டப் பந்தயங்களுக்கான டிரேக் அரங்கம் மட்டும், ஏறத்தாழ 11,700 இருக்கைகளோடு, 1969இல் வந்தது. மாலையில் அந்தப் பாதையில் நடக்கும்போதெல்லாம், இதே பள்ளத்தில் நாற்பதாயிரம் பேர் உட்காரும் ஓர் அரங்கம் எழுந்திருந்தால் இந்தப் பல்கலைக்கழகத்தின் இலையுதிர்காலமே வேறாக இருந்திருக்குமே என்று நினைத்துக்கொள்வேன். இனி அது நடக்காது. மொத்த வளாகமே 419 ஏக்கர்தான். ஒரு கட்டடத்துக்கே இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அரங்கத்தின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 45,000 பேர் என்பது சிறிய கூட்டமா? ஆட்சன் அரங்கத்தில் அது ஏறத்தாழ நிறைந்த கூட்டம், காது அடைக்கும். ரோஸ் பவுலில் அதே கூட்டம் வரிசைக்கு நாலு பேராகச் சிதறி உட்கார்ந்திருக்கும். எழுப்பும் ஓசை, அரங்கம் இருக்கும் ஆரோயோ சேகோ பள்ளத்தாக்கில் கரைந்துவிடும். முதல் முறை வந்தவர் அந்த வெறுமையைப் பார்த்துவிட்டு மறுமுறை வருவதில்லை.

பசடேனா முருகு:

நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்த பிறகு, தூரத்துக்குப் பங்கே இல்லை என்று பிடிவாதமாக நிற்க மாட்டேன். ஆனால் இரண்டு செய்திகளை விட்டுவிட்டீர்கள்.

ஒன்று, தொழில்முறை அணிகள். 1994 பருவத்தோடு ராம்ஸ், ரெய்டர்ஸ் இரண்டும் நகரத்தை விட்டுப் போய்விட்டன. இருபத்தோரு ஆண்டுகள் லாஸ் ஏஞ்சலஸில் கால்பந்து என்றால் யூஎஸ்சியும் யூசிஎல்ஏயும்தான். 2016இல் ராம்ஸ் திரும்பியது, 2017இல் சார்ஜர்ஸ் வந்தது. எந்தக் கல்லூரியிலும் படிக்காத, ஆனால் ஆட்டத்தை விரும்பும் பொதுமக்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டார்கள். என் தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் முன்பு நடந்தே ரோஸ் பவுலுக்கு இறங்கிப் போவார்கள். அவர்களில் எவரும் யூசிஎல்ஏயில் படித்தவர் இல்லை. இப்போது ஒருவர் மட்டும் போகிறார்.

இரண்டு, தொலைக்காட்சி. ஆட்டம் எத்தனை மணிக்கு என்பது சில வாரங்களில் ஆறு நாள் முன்னதாகத்தான் தெரிகிறது. சிறு பிள்ளைகளோடு இருப்பவர் எப்படித் திட்டமிடுவார்? நண்பகல் ஆட்டமென்றால் வெயில், இரவு 7.30 என்றால் பிள்ளைகளின் தூக்கம். 2024இல் மத்திய மேற்கு மாநில அணிகள் நிறைந்த பிக் டென் பிரிவுக்கு மாறியதில் பணம் வருகிறது. அதோடு மத்திய மேற்கு மாநிலங்களிலிருந்து இங்கே குடியேறிய பழைய மாணவர்கள் எதிரணி நிறத்தில் வந்து உட்காருகிறார்கள். எண்ணிக்கை ஏறும். ஆனால் அது நம் கூட்டம் ஆகாது.

கணக்குப்பிள்ளை:

இங்கிள்வுட்டில் உள்ள சோஃபை அரங்கத்துக்கு அணி மாறும் பேச்சைப் பற்றி யாரும் எழுதவில்லையே? பசடேனாவுடனான ஒப்பந்தம் 2044 வரை இருக்கிறது. அணி வெளியேற முயல்கிறது என்று 2025 அக்டோபரில் பசடேனா நகரமும் ரோஸ் பவுல் நிர்வாகமும் வழக்குத் தொடுத்தன. இங்கிள்வுட் வெஸ்ட்வுட்டுக்குப் பாதித் தூரம்தான். இருக்கையும் 70,000, மேலே கூரை உண்டு. வெஸ்ட்வுட்வாசியின் வாதப்படி பார்த்தால் அவர் இதை வரவேற்க வேண்டும்.

வெஸ்ட்வுட்வாசி:

வரவேற்கத்தான் வேண்டும், ஆனால் மனம் ஒப்பவில்லை, அதற்குக் காரணமும் சொல்கிறேன். தூரம் என்று நான் சொன்னது மைல் கணக்கை மட்டும் அல்ல. மாணவர் அறையிலிருந்து கிளம்பி நடந்தே போய்ச் சேரும் இடம் வேண்டும். இங்கிள்வுட் பாதித் தூரம் என்றாலும் பேருந்தில்தான் போக வேண்டும். அங்கே ராம்ஸும் சார்ஜர்ஸும் வீட்டுக்காரர்கள்; யூசிஎல்ஏ இன்னொரு குடித்தனக்காரராகத்தான் இருக்கும். கொலிசியத்தில் இருந்த அதே நிலை.

இன்னொன்று, ரோஸ் பவுலில் பழைய ரசிகர்களைக் கட்டி வைத்திருப்பது அரங்கத்தை ஒட்டிய கோல்ஃப் மைதானப் புல்தரைதான். ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே காரை மரத்தடியில் நிறுத்தி, மேசை விரித்து, இறைச்சி சுட்டு, பிள்ளைகளைப் பந்து எறிய விட்டு, மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் சந்திக்கும் குடும்பங்களை நான் அறிவேன். வெகுதூரம் வந்த களைப்பை ஆற்றுவது அந்தப் புல்தரை. அதை விட்டால் இருக்கிற நாற்பதாயிரத்தில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று எனக்கு அச்சமாக இருக்கிறது. இருக்கும் அரங்கத்தின் மேல்வரிசைகளை மூடி, மாணவர்களைத் தரைக்குப் பக்கமாகக் கொண்டுவந்து, பேருந்துகளை ஆட்டத்துக்குப் பிறகு காத்திருக்காமல் அடுத்தடுத்துக் கிளப்பினால் முதலில் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். செப்டம்பர் ஆட்டங்களை இயன்றவரை வெளியூரில் வைத்து, மாணவர்கள் வந்த பிறகு சொந்த ஆட்டங்களைத் தொடங்கலாம்.

முன்னாள் மாணவி:

செப்டம்பர் யோசனையை மனமார ஆதரிக்கிறேன்.

2025 அக்டோபர் 4ஆம் தேதி பென் ஸ்டேட் ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். பயிற்சியாளரை மூன்றாவது தோல்வியோடு நீக்கியிருந்தார்கள், அணி நான்கு ஆட்டத்திலும் தோற்றிருந்தது, வந்திருந்ததோ தரவரிசையில் ஏழாம் இடத்து அணி. 42-37 என்று வென்றோம். கடைசி நிமிடத்தில் என் பக்கத்தில் இருந்த முதியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. எனக்கு எதிரே வரிசை வரிசையாக வெறும் இருக்கைகள். கூடைப்பந்துத் தோழியை அங்கிருந்தே கூப்பிட்டேன். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அழுதுகொண்டும் இருந்தாள். "நீ ஏன் வரவில்லை?" என்று கேட்டதற்கு, "அவ்வளவு தூரம்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

வெஸ்ட்வுட்வாசி ஐயா, அப்பா அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள். கிழக்குப் பக்கம் டிக்கெட் எடுக்காதீர்கள், மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மேற்குப் பக்கம் எடுத்தால் மூன்று மணிக்கெல்லாம் நிழல் வந்துவிடும், மலையும் தெரியும். ஏ தட ரயிலில் மெமோரியல் பார்க் நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து கூட்டத்தோடு சேர்ந்து வரலாம். நானும் தோழியை இழுத்துக்கொண்டு வருகிறேன்.